படகு யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே

கமம் செய்தவர்களுக்குத் தரையின் ஆபத்துக்கள் தெரியும். வண்டியில் ஏறுமுன் அச்சாணியைப் பார்ப்போம். கிணற்றில் இறங்குமுன் கயிற்றை இழுத்துப் பார்ப்போம். துலா உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போம். இவை எவரும் பள்ளிக்கூடத்தில் கற்றுத் தந்தவையல்ல. தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு.

படகில் ஏறும்போது இந்த அறிவு எமக்குக் கைகொடுப்பதில்லை. படகின் அடிப்பாகம் தண்ணீருக்குள் இருக்கிறது. இயந்திரம் எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது என்பது அதன் சொந்தக்காரருக்குத்தான் தெரியும். எத்தனை பேரை ஏற்றலாம், எந்தக் காற்றில் போகலாம், கண்ணாடியிழை எங்கே வெடித்து எங்கே பூசி மறைக்கப்பட்டது என்பதெல்லாம் ஏறுபவருக்குத் தெரியாத விடயங்கள். கரையை விட்டுப் புறப்பட்ட பின் இறங்கி நடக்கவும் முடியாது.

வயலையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்து, கரையோரத்தில் குடியேறிய பல குடும்பங்களின் நிலை இன்று இதுதான். நேற்றுவரை ஏர் பிடித்தவர் சம்மாட்டியின் படகில் கூலிக்கோ பங்குக்கோ போகிறார். கடலோரத்தில் பிறந்தவருக்கு இயல்பாகத் தெரியும் பல விடயங்கள் அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் பாதையிலோ படகிலோ களப்பைக் கடந்து பாடசாலைக்குப் போகிறார்கள். இவ்வாறு போகும் ஒருவர், படகு பழுதாக இருந்த காரணத்தால் கையை இழந்தால் அல்லது உயிரை இழந்தால், அதற்கு யார் பொறுப்பு?

எமது ஊர்களில் இதற்குச் சொல்லப்படும் பதில்கள் மூன்று. "கடல் என்றால் அப்படித்தான்" என்பது ஒன்று. "அது அவருடைய விதி" என்பது இன்னொன்று. "தெரிந்துதானே ஏறினார்" என்பது மூன்றாவது. இந்த மூன்று பதில்களும் தவறானவை என்பதே இக்கட்டுரையின் கருத்து. கலத்தைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பு அதன் சொந்தக்காரருடையது. "பழுது இருந்தது எனக்குத் தெரியாது" என்பது அந்தப் பொறுப்பிலிருந்து தப்பும் வழியாக இருக்கக்கூடாது. இது புதிதாக நாம் கேட்கும் சலுகையல்ல. வேறு நாடுகளில் கடலோடிகள் நீண்ட காலம் போராடிப் பெற்ற உரிமை. அந்த வரலாற்றை நாம் அறிந்திருப்பது நல்லது.

மூட்டைக்கு இருந்த உரிமை

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து உலகிலேயே பெரிய கப்பல் வல்லரசு. அந்நாட்டுச் சட்டப்படி, தன் சரக்கைக் கப்பலில் ஏற்றிய வியாபாரிக்கு ஓர் உறுதி இருந்தது. கப்பல் பயணத்துக்குத் தகுதியான நிலையில் இருக்கும் என்பதே அந்த உறுதி. எழுதப்படாவிட்டாலும் அது ஒப்பந்தத்தில் இருப்பதாகவே கொள்ளப்பட்டது. கப்பல் தகுதியற்றதாக இருந்து சரக்கு கெட்டால், சொந்தக்காரர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதே கப்பலில் வேலை செய்த கடலோடிக்கு அந்த உறுதி இருக்கவில்லை. கப்பல் மோசமான நிலையில் இருந்ததால் தாம் நோயுற்றதாக ஒரு கடலோடி தொடுத்த வழக்கில் 1854ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. பழுதை அறிந்திராத சொந்தக்காரர், கப்பல் தகுதியானது என்ற உறுதியைத் தன் வேலையாளுக்குக் கொடுத்ததாகக் கொள்ள முடியாது என்று நீதிமன்றம் கூறியது. சுருங்கச் சொன்னால், கப்பலில் இருந்த மூட்டைக்கு இருந்த உரிமை, அந்த மூட்டையைச் சுமந்த மனிதனுக்கு இருக்கவில்லை.

இன்னும் மோசமான ஒன்றும் நடந்தது. வேலைக்கு ஒப்பமிட்டுவிட்டு, கப்பலின் நிலையைக் கண்டு அஞ்சி ஏற மறுத்த கடலோடிகள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஏறினால் கடல், ஏறாவிட்டால் சிறை.

இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் சாமுவேல் பிளிம்சொல் என்ற பாராளுமன்ற உறுப்பினர். அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய பழைய கப்பல்களை மக்கள் "சவப்பெட்டிக் கப்பல்கள்" என்று அழைத்தார்கள். 1873ஆம் ஆண்டு அவர் கடலோடிகளின் நிலை பற்றி ஒரு நூலை வெளியிட்டார். 1875இல் பாராளுமன்றத்தில் அவர் கோபாவேசமாகப் பேசியது பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அவ்வாண்டிலேயே தற்காலிகச் சட்டம் ஒன்று வந்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலின் பக்கத்தில் சரக்கேற்றும் எல்லையைக் காட்டும் கோட்டைக் கட்டாயமாக்கியது. அக்கோடு தண்ணீருக்குள் போகுமளவுக்குச் சரக்கு ஏற்றக்கூடாது.

ஆனால் அந்தக் கோட்டை எந்த உயரத்தில் கீறுவது என்பதை முதலில் கப்பல் சொந்தக்காரரே தீர்மானித்தார். இந்த ஓட்டையை அடைக்க மேலும் 14 ஆண்டுகள் சென்றன. 1890இல்தான் கோட்டின் இடத்தை அரசு விதித்தது. இதிலிருந்து நாம் படிக்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. தன்னைக் கட்டுப்படுத்தும் அளவைத் தானே நிர்ணயிக்கும்படி ஒருவரிடம் விட்டால், அது பாதுகாப்பு அல்ல, வெறும் வர்ணப்பூச்சு.

மீன் வழும்பில் சறுக்கிய கால்

கலத்தின் தகுதி பற்றிய பொறுப்பை இன்னும் தெளிவாகச் சொன்னவை ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்கள். தகுதியற்ற கலத்தினாலோ அதன் உபகரணங்களினாலோ காயப்பட்ட கடலோடிக்குச் சொந்தக்காரர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1903ஆம் ஆண்டிலேயே குறிப்பிட்டது. பின்னர் வந்த இரண்டு வழக்குகள் இப்பொறுப்பின் அளவை விளக்கின.

முதலாவது 1944ஆம் ஆண்டு வழக்கு. கப்பலில் வேலை செய்த ஒருவர், கயிற்றில் தொங்கவிடப்பட்ட பலகைத் தட்டில் நின்றபோது கயிறு அறுந்து விழுந்தார். அந்தக் கயிறு நெடுங்காலமாக ஒரு பெட்டிக்குள் கிடந்து உக்கியது. கப்பலில் வேறு நல்ல கயிறு தாராளமாக இருந்தது. அதிகாரி உக்கிய கயிற்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார். "நல்ல கயிறு வைத்திருந்தோமே" என்று சொந்தக்காரர் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலை செய்பவரின் காலடியில் இருந்தது உக்கிய கயிறு. ஆகவே பொறுப்பு சொந்தக்காரருடையது.

இரண்டாவது 1960ஆம் ஆண்டு வழக்கு. இது எமது கரையோரத்துக்கும் நன்கு பொருந்தும். ரேசர் என்ற மீன்பிடி இழுவைக்கலம் பொஸ்ரன் நகரின் மீன்துறையில் கட்டப்பட்டிருந்தது. கலத்தில் வேலை செய்த மீனவர் ஒருவர், வழக்கப்படி கலத்தின் ஓரக் கட்டையில் கால் வைத்துத் துறைமேடையின் ஏணியைப் பிடித்தார். கட்டையில் மீன் வழும்பும் குடற்கழிவும் படிந்திருந்தன. கால் சறுக்கிக் காயப்பட்டார். மீன் இறக்கும்போது சற்று முன்னர் படிந்த வழும்பு சொந்தக்காரருக்கு எப்படித் தெரியும்? கழுவ நேரம் இருந்ததா? கீழ் நீதிமன்றங்கள் இக்கேள்விகளையே பார்த்தன. உயர் நீதிமன்றம், சொந்தக்காரருக்குத் தெரிந்திருந்ததா இல்லையா என்பது முக்கியமல்ல என்றது. தகுதியான கலத்தைக் கொடுப்பது முழுமையான கடமை. அக்கறையாக இருந்தேன் என்று சொல்லி அதிலிருந்து விலக முடியாது.

அதே தீர்ப்பு ஒரு வரம்பையும் விதித்தது. எந்தப் புயலையும் தாங்கும் குறையற்ற கலத்தைச் சட்டம் கேட்கவில்லை. செய்யப்போகும் வேலைக்கு நியாயமான அளவு தகுதியாக இருந்தால் போதும். தகுதி என்பது பலகையையும் இயந்திரத்தையும் மட்டும் குறிப்பதல்ல. நான்கு பேர் செய்யவேண்டிய வேலைக்கு இரண்டு பேரை விட்டாலும் கலம் தகுதியற்றதாகலாம். காயப்பட்டவரும் கவனக்குறைவாக இருந்திருந்தால், அவருடைய பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும். முற்றாக இல்லாமற் போகாது. "ஆபத்து தெரிந்துதானே ஏறினாய்" என்ற வாதம் அங்கு எடுபடாது. ஏனெனில் பசியோடு இருப்பவர் வேலைக்கு ஏறுவதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

இந்த உரிமை அங்கேயும் எல்லோருக்கும் இல்லை. அது கலத்தில் வேலை செய்பவருக்கு உரியது. பயணி ஒருவர் சொந்தக்காரரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். கடலோடிகளின் உரிமையும் வளர்ந்துகொண்டே போகவில்லை. கலம் தகுதியற்றதாக இருந்தமைக்காக, நட்டஈட்டுக்கு மேலாகத் தண்டனைத் தொகை கேட்க முடியாது என 2019ஆம் ஆண்டு அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெறுமதி இல்லாத படகு

2019 செப்ரெம்பர் 2ஆம் திகதி அதிகாலை, கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கொன்செப்ஷன் என்ற படகு தீப்பற்றியது. கீழ்த்தட்டில் உறங்கிய 34 பேர் இறந்தார்கள். இரவில் சுற்றிப் பார்த்துக் காவல் செய்ய எவரும் விழித்திருக்கவில்லை என்பது விசாரணையில் தெரியவந்தது. சில நாட்களுக்குள் படகின் சொந்தக்காரர்கள் நீதிமன்றம் சென்று, 1851ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஒன்றைக் காட்டினார்கள். விபத்தின் பின் படகுக்கு எஞ்சியுள்ள பெறுமதிக்கு மேல் நட்டஈடு கொடுக்கத் தேவையில்லை என்பதே அச்சட்டத்தின் சாரம். படகு எரிந்து மூழ்கிவிட்டது. ஆகவே அதன் பெறுமதி பூச்சியம் என்றார்கள்.

எரிந்த படகுக்குப் பெறுமதி இல்லை. ஆகவே இறந்தவர்களுக்கும் இல்லை என்ற கணக்கு அது. மக்களின் கண்டனத்தின் பின், 2022ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுக் காங்கிரஸ் சிறிய பயணிகள் படகுகளைப் பொறுத்தவரை அச்சட்டத்தைத் திருத்தியது. உரிமை ஒருமுறை கிடைத்தாலும், அதை வெறுமையாக்கும் ஒரு வாசல் எங்காவது திறந்திருக்கும் என்பதை இது காட்டுகிறது.

எமது நாட்டில்

2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அங்கே பாலம் புதிதாக அமைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஆகவே மக்கள் பாதையில் ஏறினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே இறந்தார்கள். பாதையின் சொந்தக்காரரும் அதை ஓட்டியவர்களும் கைதுசெய்யப்பட்டார்கள். அந்தப் பாதை ஓடுவதற்கு அனுமதி கொடுத்தது யார், அதைப் பரிசோதித்தது யார் என்ற கேள்விகள் நாடெங்கும் எழுந்தன. சாவின் பின்னர் எழுந்த கேள்விகள் அவை. முதல் நாள் பாதை ஓடுமுன் கேட்கப்பட்டிருக்க வேண்டியவை.

கைது வேறு, நட்டஈடு வேறு என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். குற்ற வழக்கில் ஒருவர் தண்டனை பெறுவதால் மட்டும் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் அடுப்பு எரியப் போவதில்லை. நட்டஈட்டுக்குத் தனியாக வழக்குத் தொடுக்க வேண்டும். எமது நாட்டில் இவ்விடயத்தில் அடிப்படையாக இருப்பது உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி, மற்றவரின் கவனக்குறைவினாலேயே தீங்கு வந்தது என்பதைப் பாதிக்கப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். படகோ கடலுக்கடியில். சாட்சி சொல்லக்கூடியவர்களோ அதே சம்மாட்டியிடம் நாளைக்கும் வேலைக்குப் போகவேண்டியவர்கள். இந்த நிலையில் ஓர் ஏழைக் குடும்பம் எதை வைத்து நிரூபிப்பது?

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இதைவிட இலகுவான வழியைக் காட்டுகிறது. வேலையின்போது வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால், முதலாளியின் குற்றத்தை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் அவர் முதலாளி, இவர் வேலையாள் என்பதைக் காட்ட வேண்டும். கடற்றொழிலில் பலர் சம்பளத்துக்கு அல்ல, பங்குக்குப் போகிறார்கள். விபத்து நடக்கும்வரை வேலையாளாக நடத்தப்பட்டவர், விபத்தின் மறுநாள் "அவர் எங்கள் பங்காளி" ஆகிவிடுகிறார். பதிவு இல்லை, துண்டு இல்லை, கையொப்பம் இல்லை. இடம்பெயர்ந்து வந்தவருக்கு ஊரில் அவருக்காகப் பேச உறவும் குறைவு.

ஆகவே மூன்று மாற்றங்கள் தேவை. கலம் தகுதியற்றதாக இருந்து தீங்கு நேர்ந்தால், கவனக்குறைவை நிரூபிக்கும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் மீது வைக்கக்கூடாது. பங்குக்குப் போகிறவரும் நட்டஈட்டு விடயத்தில் வேலையாளாகவே கருதப்பட வேண்டும். பயணிகளை ஏற்றும் ஒவ்வொரு பாதையிலும் படகிலும், எத்தனை பேர் ஏறலாம் என்பதைச் சொந்தக்காரர் அல்லாத ஓர் அதிகாரி அளந்து எழுதிவைக்க வேண்டும்.

சொந்தக்காரரும் ஏழைதானே

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எமது கரைகளில் படகு வைத்திருப்பவர் எல்லோரும் பணக்காரர் அல்லர். பலர் கடன்பட்டுப் படகு வாங்கியவர்கள். சிலர் இடம்பெயர்ந்து எல்லாம் இழந்து மீண்டும் தொடங்கியவர்கள். ஒரு விபத்துக்கு முழுப் பொறுப்பையும் அவர்மேல் சுமத்தினால், ஒரு குடும்பம் வீழ்ந்த இடத்தில் இரண்டு குடும்பங்கள் வீழும் அல்லவா?

இந்த மறுப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதற்கு விடை பொறுப்பை நீக்குவதல்ல, அதைப் பகிர்வது. வீதியில் ஓடும் உழவு இயந்திரத்துக்கு மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம். உழவு இயந்திரக்காரரும் ஏழைதான். ஆயினும் அந்தக் காப்புறுதி வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. ஆட்களை ஏற்றும் ஒவ்வொரு கலத்துக்கும் அதேபோன்ற காப்புறுதி வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து அதைப் பெறலாம். தொடக்கத்தில் கட்டணத்தின் ஒரு பகுதியை அரசு ஏற்கலாம். பொறுப்பு உறுதியாக இருந்தால்தான் காப்புறுதிக்கு ஆள் சேரும். காப்புறுதி வந்தால், காப்புறுதிக்காரரே வந்து படகைப் பரிசோதிப்பார். அந்தப் பரிசோதனை சில உயிர்களை விபத்துக்கு முன்னரே காப்பாற்றும்.

நாம் இன்றே செய்யக்கூடியவை

சட்டம் மாறும்வரை நாம் கைகட்டி இருக்கத் தேவையில்லை. வேலைக்குப் போகும் படகின் பதிவிலக்கத்தை வீட்டில் எழுதி வையுங்கள். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி மீன்பிடிப் படகுகள் பதிவுசெய்யப்பட வேண்டும்; இலக்கம் இல்லாத படகு என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை. எந்த நாட்களில் போனீர்கள், எவ்வளவு பங்கு கிடைத்தது என்பதை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். நெல் விற்ற கணக்கு எழுதிய கைதானே அது.

விபத்து நேர்ந்தால் பொலிசில் முறைப்பாட்டைப் பதிவுசெய்து, அதன் பிரதியைப் பெறுங்கள். வைத்தியசாலைத் துண்டுகளை எறியாதீர்கள். அறுந்த கயிறு, உடைந்த பலகை எதுவாயினும், படகு திருத்தப்படுமுன் படம் எடுத்து வையுங்கள். கொஞ்சப் பணம் கொடுத்துக் கையொப்பம் கேட்டால், எவ்வளவு நல்லவர் கேட்டாலும், வாசித்து விளங்காத கடதாசியில் ஒப்பமிட வேண்டாம்.

தீங்குக்கான நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டுகள் ஓடிப்போவது தெரியாது. ஆகவே சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு முதல் மாதத்திலேயே போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு உதவவே அது அமைக்கப்பட்டது. இடப்பெயர்வில் பிறப்பு, விவாகப் பதிவுகளை இழந்தவர்கள் இன்றே பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் புதிய பிரதிகளைப் பெற்று வையுங்கள். இறந்தவரின் மனைவி தாம் மனைவி என்பதையும், பிள்ளை தாம் பிள்ளை என்பதையும் நிரூபிக்க முடியாமல், உரிய நட்டஈட்டைப் பெறாமற்போவது இரட்டை இழப்பாகும்.

கடல் ஆபத்தானது என்பது உண்மை. காற்றையும் அலையையும் எவராலும் கட்டிவைக்க முடியாது. ஆனால் உக்கிய கயிறு கடலின் வேலையல்ல. வெடித்த பலகையும், எண்ணிக்கைக்கு மேல் ஏற்றிய பாதையும் விதியின் வேலையல்ல. அவை கரையிலேயே, ஒரு மனிதர் பார்த்திருக்க வேண்டிய இடத்தில், பார்க்காமல் விடப்பட்டவை. அவற்றை விதி என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்வரை, அந்த மனிதர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமலே இருப்பார்.